பலகை நுனியில் கொஞ்சம் கார்ப்பெட்

சித்தி பல்லிக்குப் பயப்படுவாள். சுவரில் பல்லி இல்லாவிட்டால் அதற்கும் பயப்படுவாள். "நேத்து இங்கதானே இருந்துச்சு? இப்ப எங்க போச்சு?" என்று அரை மணி நேரம் தலையணைகளைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். லிஃப்ட், காஸ் சிலிண்டர், ஈரத் தரை, படியில் வேகமாக இறங்கும் மனிதர்கள், ரெண்டு சக்கரத்தில் ஓடும் எந்த வண்டியும் அவளுக்கு ஆகாது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்குவாள். திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தினமும் இப்படி ரெண்டு தடவை ஏறி இறங்குவதால்தான் அவளுக்கு இன்னும் மூட்டுவலி வரவில்லை என்பது சித்தப்பாவின் கருத்து.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த சித்தப்பா பார்ப்பதோ படகுத்துறையில் வேலை. அங்கே ஒரு கான்கிரீட் சரிவு மேலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் அதை டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்து, பின்பக்கமாகவே சரிவில் இறக்குவார்கள். சித்தப்பா படகுக்குப் பின்னால் கீழே நின்றுகொண்டு, "வா, வா, கொஞ்சம் ஒடி, நேர் பண்ணு" என்று கை காட்டுவார். டிரெய்லர் தண்ணீருக்குள் போனதும் படகைத் தள்ளி மிதக்கவிடுவார்.

"அதாவது ஒரு டன் எடை மேலேருந்து எறங்கி வரும். நீங்க அதுக்குக் கீழ நிப்பீங்க" என்பாள் சித்தி. "உலகத்துல வேற வேலையே இல்ல, பாருங்க."

"உட்கார்ந்து பாக்குற வேலைன்னா இடுப்பு போயிடும்" என்பார் சித்தப்பா.

"இதுல மொத்த ஆளும் போயிடும்."

அவரிடம் போன் உண்டு. ஆனால் பழைய போன் ஒன்று சட்டைப் பையிலிருந்து தண்ணீரில் விழுந்து செத்த பிறகு, புதுப் போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டுச் சரிவின் ஓரத்துச் சுவர்மேல் வைத்துவிடுவார். அந்தப் போன்மேல் அவருக்கு இருந்த பாசம் எங்கள் யார்மேலும் இல்லை. பைக்குள் இருக்கும் போன் அடித்தால் அவருக்குக் கேட்காது. அதனால் சித்தி, துறையின் டிக்கெட் அறைக்குப் போன் பண்ணுவாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை.

"என்னங்க, அவர் இருக்காரா?"

"இருக்காரும்மா."

"நிக்கிறாரா?"

"நல்லா நிக்கிறார்."

அவ்வளவுதான் பேச்சு. துறையில் வேலை பார்ப்பவர்கள் சித்திக்கு வைத்த பெயர் சைரன். டிக்கெட்காரர் போனை வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்து, "சைரன் அடிச்சாச்சு, மணி பதினொண்ணு, எல்லாரும் டீ குடிங்க" என்று கத்துவாராம். நானும் சிரித்திருக்கிறேன்.

சித்தி முதலில் சோபா தைக்கும் பட்டறையில் இருந்தாள். பதினோரு வருஷம். பட்டறையை மூடிய பிறகு டிரெய்லர் ரிப்பேர் ஷெட்டில் சேர்ந்தாள். ஒவ்வொரு டிரெய்லரிலும் நீளமாக ரெண்டு மரப்பலகை உண்டு. படகு தன் வயிற்றை அதன்மேல்தான் வைத்து உட்காரும். வெறும் மரமாக விட்டால் வயிறு கீறிப்போகும். அதனால் பலகைக்கு மேலே ஏதாவது போர்த்த வேண்டும். அதுதான் சித்தியின் வேலை.

"முன்னாடி மனுஷன் உட்கார்ந்தான், இப்ப படகு உட்காருது" என்றாள் முதல் நாள். "படகு பரவால்ல. ஸ்பிரிங் குத்துதுன்னு சொல்லாது."

நான் அதே ஷெட்டில் போன் எடுத்து, ரசீது எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடமும் நானும் பத்தாம் வகுப்போடு சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். முதலாளி என்னை வேலைக்கு வைத்திருப்பதாக நினைக்கிறார். உண்மையில் சித்திதான் என்னைக் கண்ணெதிரில் வைத்திருக்கிறாள். ஒரு நாள் அவளுடைய ஆணிப் பெட்டிக்குள் ரப்பர் நண்டு ஒன்றை வைத்தேன். அவள் போட்ட சத்தத்தில் டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்த முதலாளி நெற்றியை இடித்துக்கொண்டார். சித்தி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த ரெண்டு நாளில் என் கிழிந்த பையைத் தைத்து ஆணியில் மாட்டிவைத்திருந்தாள்.

பயந்தவள்தான், ஆனால் போர்வை விஷயத்தில் ஷெட்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பயம்தான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். "கார்ப்பெட் அடிச்சுடு" என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் போய்விடுவார்கள். இவள் மட்டும், "அடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அவளுடைய அலமாரியில் எல்லாம் இருந்தது. சாம்பல் நிறக் கார்ப்பெட் படகுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. உள்ளே மரம் ஊறி உளுத்துப்போகும், மணல் சிக்கினால் உப்புக்காகிதம் மாதிரி படகைத் தேய்க்கும். ரப்பர் பாய் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் வெள்ளைப் படகின் வயிற்றில் கறுப்புக் கோடு போடும். ரெக்சின் வெயிலில் படகோடு ஒட்டிக்கொள்ளும். தீயணைப்பு வண்டியின் பழைய ஓஸ் குழாயைப் பிளந்து அடித்தால் பத்து வருஷம் உழைக்கும், ஆனால் பார்க்கச் சகிக்காது. கடைசியாக வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. அது தண்ணீர் குடிக்காது, உளுக்காது, கறை போடாது. அதில் குறையே கிடையாது, ஒன்றைத் தவிர. வழுக்கும்.

எவ்வளவு வழுக்கும் என்று தெரியாமல் சித்திக்குத் தூக்கம் வராது. என் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்த கோணமானியை எடுத்துக்கொண்டாள். நான் வாங்கிய நாளிலிருந்து அதற்கு அதுதான் முதல் வேலை. ஒரு துண்டுப் பலகையில் ஒவ்வொரு போர்வையாக அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, உடைந்த படகின் ஃபைபர் துண்டை அதன்மேல் வைத்து, அதற்கு மேல் ஒரு செங்கல். பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குவாள். ஈரக் கார்ப்பெட்டில் முப்பது டிகிரி தாண்டியும் செங்கல் தூங்கியது. ரப்பரில் அதற்கும் மேலே. பிளாஸ்டிக்கில் ஏழு. ஏழில் செங்கல் சத்தமே இல்லாமல் கிளம்பி வந்து அவள் மடியில் விழுந்தது.

"துறையில சரிவு எவ்ளோ?" என்று கேட்டாள்.

சித்தப்பாவை நூலும் நட்டும் கட்டின கோணமானியோடு அனுப்பி அளந்துவரச் சொன்னாள். அவர் வந்து, "எட்டு" என்றார்.

ஏழு, எட்டு. அதற்குப் பிறகு அந்தப் பிளாஸ்டிக் சுருளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அலமாரியின் கடைசி மூலையில் வைத்துவிட்டாள்.

துறையில் ஒரு வழக்கம் உண்டு. படகின் மூக்கில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். டிரெய்லரின் முன்பக்கத் தூணிலிருந்து ஒரு வார் வந்து, கொக்கியால் அந்த வளையத்தில் மாட்டியிருக்கும். டிரெய்லர் தண்ணீருக்குள் போன பிறகு அந்தக் கொக்கியைக் கழற்றுவதுதான் முறை. ஆனால் அதற்கு ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடக்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்கிற கார்கள் ஹாரன் அடிக்கும். அதனால் துறைக்காரர்கள் மேலே சமதளத்திலேயே கொக்கியைக் கழற்றிவிடுவார்கள். கார்ப்பெட் என்றால் ஆபத்தில்லை, பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் என்றால் மட்டும் கழற்றமாட்டார்கள்.

எது என்ன என்று எப்படித் தெரியும்? படகு பலகையை மறைத்துவிடும். பின்னால் ஒரு சாண் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்து ஒரு பார்வை. நுனி வெள்ளை என்றால் கொக்கி இருக்கட்டும். சாம்பல் என்றால் கழற்று. இத்தனை வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

போன மாதம் பல் டாக்டர் ஒருவர் வந்தார். நீலக் கோடு போட்ட படகு. பெரியது. கார்ப்பெட் உளுத்துப் பலகை பல்லில்லாத ஈறு மாதிரி ஆகியிருந்தது. இதை அவரிடமே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பிளாஸ்டிக் போடுங்க" என்றார். "எனக்கு முதுகு சரியில்ல. கார்ப்பெட்ல ஒட்டிக்கிட்டு நகரவே மாட்டேங்குது."

"சார், அது வழுக்கும்" என்றாள் சித்தி.

"வழுக்கணும்னுதாம்மா கேக்குறேன்."

"தண்ணிக்கு முன்னாடியே வழுக்கும் சார்."

"ஏம்மா, அவர் கேட்டதைப் போடு" என்றார் முதலாளி. "நீ பயப்படுறதைப் பாத்தா நாம படகையே விக்கக் கூடாது."

சித்தி மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். பட்டையை வெட்டி, துரு ஏறாத திருகாணிகளைப் பிளாஸ்டிக்கின் மட்டத்துக்குக் கீழே இறங்கும்படி முடுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள். வெட்டின நுனி கத்தி மாதிரி இருந்தது. அது எங்கே வரும்? டிரெய்லரின் பின்பக்கம், கணுக்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கே யார் நிற்பார்கள்?

"உங்க சித்தப்பா தெனமும் கால்ல ஏதாவது கீறிக்கிட்டு வர்றார். உப்புத் தண்ணி பட்டா ஆறாது" என்றாள்.

மிச்சம் இருந்த சாம்பல் கார்ப்பெட்டில் ரெண்டு துண்டு வெட்டி, ரெண்டு நுனிக்கும் தொப்பி மாதிரி போர்த்தி, மடித்து, அடித்தாள். குழந்தைக்குச் சாக்ஸ் போட்டதுபோல் இருந்தது. எனக்கே அழகாகத் தெரிந்தது. நானும்தான் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

டாக்டர் அடுத்த வாரம் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் சித்தப்பாவிடம் படகைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று சித்தி நினைத்திருந்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை நாங்கள் ஷெட்டுக்குப் போகும்போது மணி ஒன்பதரை. காஸ் வாசனை வருகிற மாதிரி இருக்கிறது என்று சித்தி ஆளை வரவழைத்து, அவர் இல்லை என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னதில் நேரமாகிவிட்டது. நீலக் கோட்டுப் படகு நின்ற இடம் காலியாக இருந்தது.

"டாக்டருக்குத் திடீர்னு லீவு கெடைச்சுச்சாம்" என்றார் முதலாளி. "கிரேன்ல படகைத் தூக்கி வெச்சுக் குடுத்தேன். இப்பதான், இருபது நிமிஷம் இருக்கும்."

"கொக்கியைத் தண்ணில போய்க் கழட்டணும்னு சொன்னீங்களா?"

"எல்லாம் துறையில பாத்துப்பாங்கம்மா. வெள்ளை நுனி தெரியாதா அவங்களுக்கு?"

"ஆமாம்ல" என்றாள் சித்தி. மூச்சு விட்டாள். பையை மாட்டினாள். மேசைப் பக்கம் திரும்பினாள்.

மேசையில் மிச்சக் கார்ப்பெட் கிடந்தது. அதில் ரெண்டு சதுரம் வெட்டியெடுத்த ஓட்டை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பல்லிக்கு அவ்வளவு சத்தம் போடுகிறவள், ஓட்டையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் எத்தனையோ தடவை பயந்து பார்த்திருக்கிறேன். நிஜமான பயம் இப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"போன் போடு" என்றாள்.

டிக்கெட் அறைக்குப் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"என்னம்மா, மணி இன்னும் பதினொண்ணு ஆகலையே" என்றார் டிக்கெட்காரர். "இன்னிக்கு சீக்கிரமே அடிச்சிட்டீங்க."

"நீலக் கோட்டுப் படகு வரும். அது பிளாஸ்டிக்குங்க. நுனியில மட்டும்தான் கார்ப்பெட். கொக்கியைக் கழட்ட வேணாம்னு சொல்லுங்க. அவரைப் பின்னாடி நிக்க வேணாம்னு சொல்லுங்க."

"சரிம்மா, சரிம்மா. நிக்கிறார், நல்லா நிக்கிறார்."

"ஐயோ, அதில்லைங்க..."

வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எங்கேஜ்டு. கூட்டம் அதிகமுள்ள நாளில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். டாக்டருக்குப் போட்டேன். அடித்தது, அடித்தது, நின்றது. வண்டி ஓட்டும்போது போன் எடுக்காத நல்ல மனிதர். இன்றைக்கா அவர் நல்லவராக இருக்க வேண்டும்?

ஷெட் லாரி வெளியே போயிருந்தது. முதலாளியின் ஸ்கூட்டர் மட்டும் நின்றது. நான் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றாள் சித்தி.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அதை அப்புறம் திட்டலாம். ஏறு."

ஏறினாள். முப்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக ரெண்டு சக்கரத்தில். பக்கவாட்டில் உட்காரவில்லை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரெண்டு பக்கமும் கால் போட்டாள். அவள் நகம் என் வயிற்றில் பதிந்த அடையாளம் ஒரு வாரம் இருந்தது. கண்ணை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். மூடவில்லை. என் தோளுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு, "லாரியை முந்து. முந்துடி. ஏன் பாத்துக்கிட்டே இருக்க?" என்றாள். நடுவில் வாய்க்குள், "ஏழு. எட்டு. ஏழுதானே வந்துச்சு, எட்டுதானே?" என்று முணுமுணுத்தாள். நான் லாரியை முந்தினேன். எனக்குக் கை வியர்த்து ஆக்சிலரேட்டர் வழுக்கியது.

வழியில் ஒரு சிக்னல் சிவப்பாக இருந்தது. குறுக்கே பஸ் ஒன்று போய்க்கொண்டே இருந்தது, ரயில் மாதிரி நீளமாக. அந்த நேரத்தில் எனக்கு என்னென்னவோ ஓடியது. சித்தப்பா செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிற சத்தம். டீயை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, தினமும் புதுசாக ஆச்சரியப்படுவது. நேற்றுக் காலை அவர் ஷூவுக்குள் நான் ஐஸ் கட்டி போட்டது.

"போலாமா?" என்றேன். பச்சை விழவில்லை.

"போ" என்றாள் சித்தி. வீட்டுப் பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பவள்.

துறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நீலக் கோடு. படகு சரிவின் தலைமாட்டில், சமதளத்தில் நின்றது. அதற்கு அடுத்து வரிசையில் ஏழெட்டுக் கார்கள். டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். படகின் மூக்குக்குக் கீழே கொக்கி சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

கழற்றிவிட்டார்கள்.

சித்தப்பா சரிவின் நடுவில், முதுகைத் தண்ணீருக்குக் காட்டி, கால் அகட்டி நின்றார். "வா, வா" என்றார். கார் பின்பக்கமாக நகர்ந்தது. டிரெய்லரின் சக்கரம் சரிவின் விளிம்பைத் தொட்டு இறங்கியது.

நான் ஸ்கூட்டரை அப்படியே போட்டேன். "சார், பிரேக்!" என்று கத்தப் போனேன். சித்தி என் வாயைப் பொத்தினாள்.

"பிரேக் போட்டா அந்தக் குலுக்கல்லயே கெளம்பிடும். முன்னாடி இழுத்தாலும் கெளம்பிடும்."

சொல்லிக்கொண்டே ஓடினாள். நகரும் டிரெய்லரின் பக்கத்திலேயே ஓடி, அந்தக் கொக்கியைப் பிடித்து வளையத்தில் மாட்டப் பார்த்தாள். படகின் மூக்கு, முன்தூணில் இருக்கும் ரப்பரை ஒட்டி இருக்க வேண்டும். இடையில் ரெண்டு விரல் இடைவெளி. நான் பார்க்கும்போதே நாலு விரல். ஒரு சத்தமும் இல்லை. செங்கல் எப்படிக் கிளம்பியதோ அப்படியே. வாரைத் தூணில் சுருட்டிப் பூட்டியிருந்ததால் கொக்கி வளையம்வரை எட்டவில்லை.

"என்னங்க! வெலகுங்க! வெலகிப் போங்க!"

சித்தப்பா அவளைப் பார்த்தார். வாயெல்லாம் பல். "டேய், சைரன் நேர்லயே வந்துடுச்சுடா!" என்றார் மற்றவர்களிடம். எல்லோரும் சிரித்தார்கள். "வந்துட்டேன் இரும்மா, இந்தப் படகை விட்டுட்டு வர்றேன். நிக்கிறேன் பாரு, நல்லா நிக்கிறேன்!"

பத்து வருஷமாக அவள் விலகச் சொன்ன மனிதர். பத்து வருஷமாக விலகாமல் நின்று ஒன்றும் ஆகாத மனிதர்.

சித்தி என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏய்! உன் வேலையக் காட்டுடி! எதையாவது பண்ணித் தொலை!"

சுவர்மேல் சாப்பாட்டுப் பை இருந்தது. நான் எப்படி அங்கே போனேன் என்று ஞாபகமில்லை. போனை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "சித்தப்பா!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீருக்குள் வீசினேன்.

"அடியே சண்டாளி!"

அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. ரெண்டே எட்டில் சரிவைக் குறுக்காகத் தாண்டி, சுவர்மேல் கை ஊன்றி, உடம்போடு அந்தப் பக்கம் குதித்தார். தண்ணீர் என் முகத்தில் அடித்தது.

அதே நேரம் படகு டிரெய்லரை விட்டு வெளியே வந்தது. முதலில் சத்தமே வரவில்லை, அதுதான் இன்னும் கனவில் வருகிறது. பிறகு பின்பக்க எஞ்சின் கான்கிரீட்டில் இடித்து முறிந்தது. மொத்தப் படகும் வயிற்றால் அரைத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் பாதி தண்ணீரில் போய் நின்றது. ஃபைபர் எரிந்த வாசனை வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா கையில் போனோடு சுவரேறி வந்தார். என்னை அடிக்கத்தான் வந்தார், கை ஓங்கியிருந்தது. பிறகு சரிவைப் பார்த்தார். ஓங்கின கையைக் கீழே இறக்க மறந்துவிட்டார்.

டாக்டர் காரை விட்டு இறங்கினார். "யார் கொக்கியைக் கழட்டினது?" குரல் உடைந்தது.

"நான்தான் சார்" என்றார் சித்தப்பா.

"நுனியில கார்ப்பெட் அடிச்சது நான்தான்" என்றாள் சித்தி. "அதைப் பாத்துத்தான் அவர் கழட்டினார். தப்பு என்னுது."

டாக்டர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கான்கிரீட்டில் எஞ்சின் கிழித்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், நனைந்து நின்ற சித்தப்பாவைப் பார்த்தார். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தார். டிரெய்லர்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க நின்னீங்க? காட்டுங்க" என்றாள் சித்தி.

"விடும்மா. அதான் ஒண்ணும் ஆகலையே."

"காட்டுங்க."

சித்தப்பா போய் நின்று காட்டினார். வெள்ளைக் கோடு அவர் ரெண்டு காலுக்கும் நடுவில் ஓடியது. சித்தி அதைப் பார்த்தாள். பிறகு அழுதாள், வாய்விட்டு, குழந்தை மாதிரி, இத்தனை பேர் நடுவில். அவர் அவள் தலையைத் தன் ஈரச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நிக்கிறேன்ல? இங்கதான் நிக்கிறேன்ல?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டிக்கெட்காரர் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டு, என் கண்ணைப் பார்க்காமல் திரும்பிப் போனார். நான் குடித்தேன்.

இழுவை வண்டி வந்து படகை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் சித்தி டாக்டரை எழுந்திருக்கச் சொல்லி, இடுப்புப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ரெண்டு நுனியிலிருந்தும் கார்ப்பெட்டை நெம்பிப் பிய்த்துவிட்டாள்.

"என் படகுக்கு இனிமே என்னதாம்மா போடுறது?" என்றார் டாக்டர், சின்னக் குரலில்.

"கார்ப்பெட். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. தள்ளுறதுக்கு ரெண்டு ஆள் கூப்பிடுங்க."

அவர் தலையாட்டினார்.

பின்னால் வரிசை இன்னும் நின்றது. ஹாரன் சத்தம் கேட்டது. சித்தப்பா பழக்கத்தில் சரிவுக்குப் போனார். அடுத்த காரிலிருந்தவர், யாரும் சொல்வதற்கு முன்னாலேயே, இறங்கி வந்து கொக்கியில் கை வைத்தார்.

"தொடாதீங்க" என்றாள் சித்தி.

புடவையை இன்னும் இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் படகோடு நடந்தாள். டிரெய்லரின் சக்கரம் முழுகட்டும் என்றாள். முழுகியது. கணுக்காலளவு தண்ணீர் என்றாலே தூரத்திலிருந்து பார்ப்பவள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கொக்கியைக் கழற்றினாள். அன்று மிச்சமிருந்த ஏழு படகுக்கும் அவள்தான் கழற்றினாள். கொக்கியை வேறு யாரிடமும் தரவில்லை. ஒவ்வொரு தடவையும் முதலில், "என்னங்க, தள்ளி நில்லுங்க" என்பாள். அவர் தள்ளி நிற்பார். அதற்குப் பிறகுதான் அவள் கை கொக்கிக்குப் போகும். ஏழாவது படகிலும் கொக்கியை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கழற்றினாள்.